கண்ணாடித் தொட்டியில் அழகு, கடலில் களை

ஏரி முழுவதும் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும்போது, மதகைத் திறக்கப் போகும் விவசாயிக்கு அதன் ஊதாப் பூ அழகாகத் தெரிவதில்லை. தண்ணீர் வாய்க்காலில் இறங்க வேண்டும், கடைமடை வரை போய்ச் சேர வேண்டும். செடியோ மதகின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஆட்களைக் கூட்டி, இடுப்பளவு நீரில் இறங்கி, வாரிக் கரையில் போட்டாலும் அடுத்த பருவத்துக்குள் மறுபடியும் அதே காட்சிதான். தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இந்தச் செடியை யாரும் பயிராகக் கொண்டுவரவில்லை. பூ அழகாக இருக்கிறது என்பதற்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். பூவை ரசித்தவர்கள் போய்விட்டார்கள். களை எடுக்கும் வேலை மட்டும் விவசாயியின் தலையில் விழுந்துவிட்டது.

இந்தப் பழைய கதையை இப்போது நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. அழகு மீன் வளர்ப்போரில் சிலர் நல்ல தண்ணீர்த் தொட்டியோடு நிற்காமல், கடல்நீர்த் தொட்டியும் வைக்கிறார்கள். பவளப் பாறை, வண்ண மீன்கள், அவற்றோடு பச்சையும் சிவப்புமாகக் கடற்பாசிகள். கடலின் ஒரு துண்டை வரவேற்பறையில் வைத்தது போல இருக்கும். கடற்பாசியை அழகுக்காக வளர்ப்பது தவறான காரியம் அல்ல. ஆனால் அந்தத் தொட்டியிலிருந்து தப்பிய ஒரு பாசி ஒரு கடலையே ஆட்டிவைத்த வரலாறு இருக்கிறது. கடலோர மக்களும், ஏரிப் பாசனத்தை நம்பியுள்ள சிறு விவசாயிகளும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தொட்டியில் என்ன வளர்கிறது?

கடற்பாசிக்கு நெல்லுக்கும் தென்னைக்கும் இருப்பது போன்ற வேர் கிடையாது. பாறையைப் பற்றிக்கொள்ளப் பிடிப்பு மட்டும் உண்டு. உணவை உடல் முழுவதாலும் நீரிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்ளும். தொட்டிகளில் வளர்க்கப்படுபவற்றுள் காலெர்ப்பா என்பது பச்சை நிறம் கொண்டது. அதில் சில வகைகள் பறவையின் இறகைப் போலவும், சில வகைகள் சிறு திராட்சைக் கொத்தைப் போலவும் இருக்கும். கீட்டோமார்ஃபா சிக்கல் விழுந்த பச்சை நூல்கண்டு போன்றது. ஹாலிமீடா சப்பாத்திக்கள்ளியைப் போல வட்டு வட்டாக அடுக்கிக்கொண்டு வளரும். அதன் உடலில் சுண்ணாம்புச் சத்து படிந்திருக்கும். கிராசிலேரியா, ஹாலிமீனியா ஆகியவை சிவப்பு வகையைச் சேர்ந்தவை.

இவற்றுக்கு ஒரு லிட்டர் நீரில் சுமார் 35 கிராம் உப்பு வேண்டும். வெப்பம் 25 சென்டிகிரேடு அளவில் சீராக இருக்க வேண்டும். விளக்கொளி நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை.

மீன் தொட்டியிலும் உரக் கணக்குத்தான்

அழகு ஒருபுறம் இருக்க, தொட்டியில் பாசிக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. மீனுக்குப் போடும் தீனியில் ஒரு பகுதி கழிவாகிறது. அதிலிருந்து அம்மோனியா வருகிறது. நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வயலில் யூரியா போட்ட பிறகு மண்ணில் நடப்பதும் இதே மாற்றம்தான். தீனியிலுள்ள மணிச்சத்தும் நீரில் கரைந்து நிற்கும். இந்தச் சத்துகள் மிஞ்சிப்போனால், விரும்பாத வழவழப்புப் பாசி கண்ணாடியிலும் பவளத்திலும் படர்ந்துவிடும். வேண்டிய பாசியை வளர்த்தால், அது இந்தச் சத்துகளைத் தின்று வளர்ந்து, வேண்டாத பாசியைப் பட்டினி போடுகிறது. பயிர் நெருக்கமாக இருக்கும் வயலில் களை குறைவது போன்ற கணக்குத்தான் இது.

விவரம் தெரிந்தவர்கள் பிரதான தொட்டிக்குக் கீழே இன்னொரு சிறு தொட்டி வைத்து, அதில் பாசியை மட்டும் வளர்க்கிறார்கள். நீர் இரண்டுக்கும் இடையே சுற்றிவரும். மேல்தொட்டியில் விளக்கை அணைத்த பிறகு இரவில் கீழ்த்தொட்டிக்கு விளக்குப் போடுவார்கள். இரவில் மீனும் பவளமும் மூச்சுவிடுவதால் நீரில் கரியமிலவாயு சேரும். கீழே வளரும் பாசி அதை எடுத்துக்கொள்வதால் நீரின் தன்மை அதிகம் மாறாமல் இருக்கும்.

கீரைப் பாத்தியை அறுப்பது போலப் பாசியையும் அவ்வப்போது அறுத்து வெளியே எடுக்க வேண்டும். அறுத்தெடுத்தால்தான் சத்து தொட்டியை விட்டு வெளியேறும். அறுக்காமல் விட்டால் பாசி முற்றி, அழுகி, தின்றதையெல்லாம் நீரிலேயே திருப்பிக் கொடுத்துவிடும். காலெர்ப்பா இதில் இன்னும் ஆபத்தானது. இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்போது, உடலிலுள்ள பச்சையம் கலந்த சாறு முழுவதையும் ஒரே வீச்சில் நீரில் கொட்டிவிட்டு வெள்ளைத் தோலாக நின்றுவிடும். தொட்டி நீர் பால் கலந்தது போல் பச்சையாகக் கலங்கும். உயிர்வாயு குறைந்து மீன்கள் மடிவதும் உண்டு. ஆகவே அனுபவசாலிகள் காலெர்ப்பாவை விட்டுக் கீட்டோமார்ஃபாவையே விரும்புகிறார்கள்.

இதுவரை சொன்னது வளர்ப்பவரின் கவலை. அறுத்த பாசியை எங்கே போடுவது என்பதில்தான் ஊரின் கவலை தொடங்குகிறது.

ஒரு சதுர மீட்டரில் தொடங்கியது

மத்தியதரைக் கடலின் கரையில் மொனாக்கோ என்னும் சிறு நாடு இருக்கிறது. அங்கே 1910-ம் ஆண்டு திறக்கப்பட்ட புகழ்பெற்ற கடலியல் அருங்காட்சியகம் உண்டு. அதன் தொட்டிகளை அலங்கரித்தவற்றுள் காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற பாசியும் ஒன்று. இது வெப்பக் கடல்களைச் சேர்ந்தது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகர உயிரியல் பூங்காவின் தொட்டிகளில் வளர்க்கப்பட்ட ஒரு வகை, குளிரைத் தாங்கும் குணத்தோடு பிற காட்சிச்சாலைகளுக்கும் கைமாறியிருந்தது.

1984-ம் ஆண்டு, அந்த அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே கடலடியில் இந்தப் பாசி ஒரு சதுர மீட்டர் அளவில் படர்ந்திருப்பது கண்ணில் பட்டது. ஒரு ஆள் இறங்கி ஒரே நாளில் பிடுங்கி எறிந்திருக்கக்கூடிய அளவு அது. வெப்பக் கடல் பாசி குளிர்காலத்தில் தானாகச் செத்துவிடும் என்று எண்ணி அதை விட்டுவிட்டார்கள். அது சாகவில்லை. 1989-ம் ஆண்டுக்குள் ஒரு ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. நீஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாந்தர் மெனேஸ் அபாயக் குரல் எழுப்பினார். பாசி எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு, உண்மையிலேயே தீங்கா இல்லையா என்ற வாதங்களிலேயே ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் பாசி பிரான்சு, ஸ்பெயின், இத்தாலி, குரோவேஷியா, துனிசியா என்று கரை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. 2000-ம் ஆண்டின் முடிவில், மொனாக்கோவையும் சேர்த்து ஆறு நாடுகளில் ஏறத்தாழ 13,000 ஹெக்டேர் கடலடியில் அது பரவியிருந்தது. அது தொட்டியிலிருந்து தப்பிய வகையே என்பதைப் பின்னர் மரபணு ஆய்வுகளும் உறுதி செய்தன.

பரவிய விதத்தைக் கேட்டால் கோரைக்கிழங்கோடு மல்லுக்கட்டும் விவசாயிக்கு உடனே புரியும். இந்தப் பாசிக்கு விதை தேவையில்லை. முழுச் செடியும் பெரிய ஒரே உயிரணுவாக அமைந்தது. எங்கே துண்டித்தாலும் காயத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். ஒரு சென்டிமீட்டர் துண்டு போதும், புதுச் செடி கிளம்பிவிடும். படகின் நங்கூரத்தில் ஒரு துண்டு, மீனவரின் வலையில் ஒரு துண்டு என்று ஊர் ஊராகப் பயணம் செய்தது. அதன் உடலில் உள்ள கசப்பு நச்சுப் பொருளால் மீன்களும் கடல் முள்ளெலிகளும் அதைத் தின்பதில்லை. மீன்குஞ்சுகள் வளரும் இயற்கைக் கடற்புல் வெளிகள் மீது அது போர்வை போலப் படிந்தது. வலை எடுப்பவர்களுக்கு மீனுக்குப் பதில் பாசி வந்தது.

கள்ளியைக் கொல்லப் பூச்சியை விட்டது போல் இதற்கும் செய்ய முடியாதா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் காடுமேடெல்லாம் மண்டிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியை, 1926-ம் ஆண்டு இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு மாவுப்பூச்சி இனம் அடக்கியது உண்மையே. மத்தியதரைக் கடலிலும், இந்தப் பாசியைத் தின்னும் வெப்பக் கடல் நத்தை ஒன்றை விடலாம் என்ற யோசனை வந்தது. வந்தேறி ஒன்றை அடக்க இன்னொரு வந்தேறியை விடுவதற்கு அனுமதி கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் அந்தப் பாசி பல இடங்களில் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் குறைவதற்கு முன் கால் நூற்றாண்டு போய்விட்டது. அந்தக் கால் நூற்றாண்டில் வலை போட்டவர்களின் இழப்பை எந்தக் காட்சிச்சாலையும் கொடுக்கவில்லை.

முளையிலேயே கிள்ளிய ஊர்

இதே பாசி 2000-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் கார்ல்ஸ்பாட் நகரக் கழிமுகத்தில் தென்பட்டது. யாரோ தொட்டியைக் கழுவிக் கொட்டியதில் வந்திருக்க வேண்டும் என்பதே அங்குள்ளவர்களின் முடிவு. அங்கே வாதத்தில் நேரம் போகவில்லை. கண்டுபிடித்த 17 நாள்களுக்குள் வேலை தொடங்கியது. மூழ்கு வீரர்கள் இறங்கி, பாசித் திட்டுகளின் மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்புகளைப் போர்த்தி, ஓரங்களில் மணல் மூட்டைகளை அடுக்கி, உள்ளே குளோரின் செலுத்திக் கொன்றார்கள். பிறகும் விடாமல் ஆண்டுக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். 2006-ம் ஆண்டு, பாசி முற்றிலும் ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. செலவு சுமார் 70 லட்சம் டாலர். 2001-ம் ஆண்டிலேயே அந்த மாநிலம் ஒன்பது காலெர்ப்பா வகைகளை விற்கவும் வைத்திருக்கவும் தடை விதித்தது. அப்படியும் 2021-ம் ஆண்டு நியூபோர்ட் விரிகுடாவில், தடைப் பட்டியலில் இல்லாத வேறொரு காலெர்ப்பா வகை முளைத்து, மறுபடியும் மூழ்கு வீரர்களை இறக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் இதே டாக்சிஃபோலியா பாசியின் மீது உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பார்த்தார்கள்.

முளையிலே கிள்ளாததை முற்றினால் கோடாலி கொண்டு வெட்ட வேண்டும் என்பது பழமொழி. மொனாக்கோவில் கிள்ளவில்லை. கார்ல்ஸ்பாட்டில் கிள்ளினார்கள், ஆனால் கிள்ளுவதற்கே 70 லட்சம் டாலர் ஆனது. கொட்டியவர் ஒரு வாளி நீரைத்தான் கொட்டியிருப்பார்.

செடி பொல்லாததா, இடம் பொல்லாததா?

காலெர்ப்பா டாக்சிஃபோலியா மண்டபம் கடற்பகுதியில் இயற்கையாகவே இருக்கிறது. இங்கே அது யாருக்கும் தொல்லை கொடுத்ததில்லை. அதைத் தின்னப் பழகிய உயிர்களும், அதோடு இடத்துக்குப் போட்டியிடும் பாசிகளும் கூடவே இருப்பதால் அளவோடு நிற்கிறது. சொந்த மண்ணில் அடங்கிக் கிடப்பது, வேற்று மண்ணில் கட்டுப்பாடு இல்லாமல் பரவுகிறது. உண்ணிச்செடியின் கதையும், ஆகாயத்தாமரையின் கதையும் இதுதான். ஆகவே எந்தப் பாசி நல்லது, எந்தப் பாசி கெட்டது என்று கேட்பதைவிட, எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்பதே சரியாகும்.

மன்னார் வளைகுடாவின் அனுபவம்

அந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டுக் கடலிலும் கேட்க வேண்டிய நிலை வந்திருக்கிறது. கப்பாஃபைகஸ் என்ற பாசி அழகுத் தொட்டிக்காக வந்தது அல்ல. உணவுத் தொழிலிலும் பற்பசையிலும் கெட்டிப்படுத்தப் பயன்படும் காராஜீனன் என்ற பொருளுக்காக வந்தது. பிலிப்பைன்சு கடற்பகுதியைச் சேர்ந்த இது, 1984-ம் ஆண்டு ஜப்பானிலிருந்து ஆராய்ச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 2000-ம் ஆண்டுக்குப் பிறகு ஒரு குளிர்பான நிறுவனத்தின் முயற்சியால் ராமநாதபுரம் கடற்கரையில் பயிராகியது. கடலோர மக்கள் அந்த நிறுவனத்தின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள்.

அந்தப் பாசி பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை மறுக்க முடியாது. மூங்கில் கழிகளைச் சதுரமாகக் கட்டி, கயிறுகளில் பாசித் துண்டுகளைக் கட்டி, ஆழம் குறைந்த கடலில் மிதக்கவிட்டால் 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அதற்குள் கட்டியதைப் போல நான்கு மடங்கு எடை தேறும். படகும் வலையும் இல்லாத பெண்கள் சுய உதவிக் குழுக்களாகச் சேர்ந்து இதில் இறங்கினார்கள். அதன் சாறு இலைவழி ஊட்டமாக நிலத்துப் பயிர்களுக்கும் பயன்படுகிறது. கடற்பாசிச் சாறுகள் 2021-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன.

மறுபக்கமும் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கொண்ட கடல் தேசியப் பூங்கா 1986-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. 2005-ம் ஆண்டு தமிழக அரசு, இந்தப் பாசியைப் பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே வளர்க்கலாம் என்று வரையறுத்தது. அப்படியும் 2008-ம் ஆண்டு குருசடைத் தீவின் பவளப் பாறைகள் மீது அது பாய் விரித்தது போல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பாசி மூடிய இடத்தில் பவளத்துக்கு வெளிச்சம் இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் பவளம் சாகும். பவளம் செத்தால் மீன் தங்காது. வனத்துறையினர் ஆட்களை வைத்துக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகிய உள்ளூர்ப் பாசிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் பறித்துப் பிழைத்தவர்கள் அந்தக் கரையின் பெண்கள். பவளத்துக்குக் கேடு வரும் என்று சொல்லி, அவர்கள் தீவுகளில் இறங்குவதைச் சட்டம் தடுக்கிறது. அவர்கள் இறங்கக்கூடாத அதே தீவில், வெளியூர்ப் பாசி கேட்பாரில்லாமல் இறங்கிவிட்டது.

இன்னொரு பாடமும் உண்டு. துண்டு போட்டுத் துண்டு போட்டு ஒரே தாய்ச்செடியிலிருந்து பெருக்கிய பயிர் அது. 2013-ம் ஆண்டை ஒட்டி, கடல்நீர் வெப்பம் கூடியபோது பெருமளவில் மடிந்தது. ஒரே ரகத்தை நம்பி ஊர் முழுவதும் நட்டு, ஒரே நோயில் இழந்த அனுபவம் நிலத்து விவசாயிக்குப் புதிது அல்ல.

செலவு யார் கணக்கில்?

இந்த நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. கொண்டுவருபவர் ஒருவர், பயன் பெறுபவர் ஒருவர், களை எடுப்பவர் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் எப்போதும் சிறு விவசாயியாகவோ, நாட்டுப்படகு மீனவராகவோதான் இருக்கிறார். இலங்கையில் 1939-ம் ஆண்டு தாவரவியல் படிப்புக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சால்வினியா என்ற நீர்ப்பூண்டு, வெளியே தப்பி நெல் வயல்களில் பரவியது. கேரளத்தில் வாய்க்கால்களையும் வயல்களையும் மூடியதும் அதுவே. வயலில் இறங்கி அதை வாரியவர்கள் விவசாயிகளே. தொட்டிக் கண்ணாடியைத் துடைப்பதற்காக விற்கப்படும் சக்கர் மீன், வளர்ந்து பெரிதானதும் ஏரியில் விடப்பட்டு, இன்று வலைகளைக் கிழிக்கிறது. கிழிந்த வலையைத் தைப்பவர் அந்த மீனை வாங்கியவர் அல்ல.

அப்படியானால் புதிய பயிரே வேண்டாமா? அப்படிச் சொல்வது நியாயம் அல்ல. மிளகாயும் மரவள்ளியும் நிலக்கடலையும் வெளியிலிருந்து வந்தவைதான். வேகமாக வளரும் கப்பாஃபைகஸை விட்டுவிட்டு மெதுவாக வளரும் கஞ்சிப்பாசியைப் போடு என்று, மாதச் செலவுக்குத் தவிக்கும் குடும்பத்திடம் வெறும் வாயால் சொல்வதும் நியாயம் அல்ல. உள்ளூர்ப் பாசிகளில் நல்ல விதைக்கன்று கிடைக்கவும், கட்டுப்படியாகும் விலைக்குக் கொள்முதல் நடக்கவும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அந்த யோசனையைச் சொல்ல வேண்டும். 2023-ம் ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த முதலீட்டில் உள்ளூர்ப் பாசிகளுக்கு உரிய பங்கு கிடைக்கிறதா என்று கடலோர மக்கள் கேட்பது அவர்கள் உரிமையாகும்.

உயிருள்ள கடற்பாசியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கு மத்திய அரசு 2024-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பயிருக்காக டன் கணக்கில் வருவதை மட்டும் கவனித்தால் போதாது. மொனாக்கோவில் தப்பியது டன் கணக்கில் வந்தது அல்ல, தொட்டிக்கு அழகாக வந்த கைப்பிடிதான். அழகு மீன் கடையில் பாலிதீன் பையில் விற்கப்படும் கைப்பிடிப் பாசிக்கும் அதே கண்காணிப்பு வேண்டும்.

வெளியிலிருந்து பாசியையோ நீர்ச்செடியையோ வணிகத்துக்குக் கொண்டுவருபவர் ஒரு காப்புத் தொகை கட்ட வேண்டும் என்று சட்டம் செய்வது தகும். பரவிவிட்டால் அகற்றும் செலவு அந்தத் தொகையிலிருந்து போகட்டும். பரவாவிட்டால் சில ஆண்டுகள் கழித்து அவருக்கே திரும்பட்டும். வங்கியில் நகைக்கடன் வாங்கும் விவசாயி தன் நகையை ஈடு வைக்கிறார். ஊர் நீரை ஈடு வைத்துத் தொழில் செய்பவர் மட்டும் ஏன் வெறுங்கையோடு வர வேண்டும்?

கடைப்பிடிக்க வேண்டியவை

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு.

1. தொட்டி நீரையும், தொட்டியில் அறுத்த பாசியையும், செடியையும், மீனையும் கடல், கழிமுகம், ஆறு, ஏரி, கிணறு, சாக்கடை எதிலும் கொட்டக்கூடாது. உள்ளூர்ப் பாசிதானே என்ற சலுகையும் கூடாது. கலந்திருக்கும் வேறொன்று கண்ணுக்குத் தெரியாது.

2. அறுத்த கடற்பாசியைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, நொறுங்கும் அளவுக்கு வெயிலில் காயவைக்க வேண்டும். காய்ந்த பிறகு நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, குப்பைக்குழியில் மற்றக் குப்பையோடு சேர்க்கலாம். அளவு கொஞ்சமாக இருப்பதால் எருவுக்குக் கெடுதல் வராது.

3. கடல்நீர்த் தொட்டியின் நீரைத் தோட்டத்தில் பாய்ச்சக்கூடாது. 100 லிட்டர் தொட்டியில் மூன்றரைக் கிலோ உப்பு இருக்கிறது. அந்த உப்பை ஒரு பாத்தியில் கொட்டினால் என்ன ஆகும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும்.

4. பவளத்தையோ, பவளம் ஒட்டிய கல்லையோ கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். 2001-ம் ஆண்டு முதல் பவளங்கள் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பாசி ஒட்டியிருக்கிறது என்ற பெயரில் கல்லை விற்க வருபவரிடம் ஏமாறக்கூடாது.

5. கொளத்தூர் போன்ற இடங்களில் அழகு மீன் தொழிலை நம்பிச் சிறு குடும்பங்கள் பல வாழ்கின்றன. உப வருமானத்துக்காக நீர்ச்செடி வளர்க்க முன்வரும் விவசாயிகள், வாங்கும் செடியின் பெயரையும் பிறந்த இடத்தையும் முதலில் மீன்வளத் துறையிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வளர்க்கும் தொட்டி, மழைநீர் வழிந்து வாய்க்காலில் சேராத மேட்டில் இருக்க வேண்டும்.

6. பாசிப் பயிர் செய்யும் குழுக்கள், புயலிலும் காற்றிலும் அறுந்துபோன துண்டுகளைத் தேடி எடுப்பதையும் சாகுபடி வேலைகளில் ஒன்றாகக் கணக்கிட வேண்டும். அந்தக் கூலியைக் கொள்முதல் செய்பவரிடமிருந்து விலையில் சேர்த்துப் பெற வேண்டும்.

7. ஏரியிலோ கடற்கரையிலோ இதுவரை காணாத செடியோ பாசியோ தென்பட்டால், பிடுங்கி வீசாமல், ஒரு துண்டை மூடிய பையில் போட்டு அன்றைக்கே அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். பிடுங்கி வீசினால் ஒன்று பத்தாகும். தாமதித்தாலும் பத்தாகும்.

மொனாக்கோவில் அந்தப் பாசியை முதலில் பார்த்தபோது அது ஒரு சதுர மீட்டர்தான். ஒரு தலைச்சுமைக்குக்கூடக் காணாது. அந்தச் சுமையை அன்றைக்கே தூக்கிக் கரையேற்ற ஆள் இருந்திருந்தால் மற்ற ஊர்கள் தப்பித்திருக்கும். ஏரியிலும் கடலோரத்திலும் நாள் தவறாமல் நடப்பவர்கள் விவசாயிகளும் மீனவர்களும்தான். புதிதாக ஒன்று முளைத்தால் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். அவர்கள் சொல்வதைக் கேட்க அன்றைக்கே அலுவலகத்தில் ஆள் இருக்க வேண்டும்.